அடைக்கலப் பிள்ளைகள்

கனடாவின் மேற்குச் சமவெளியில் சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம் உண்டு. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. மக்கள்தொகையோ 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 11 லட்சத்தைத் தொடவில்லை. கோதுமையும் பருப்பு வகைகளும் விளையும் மண். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மசூர்ப் பருப்பில் ஒரு பங்கு அங்கிருந்து கப்பலேறி வருவதே. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கிவிடும் அந்தச் சமவெளியில், தானியக் கிடங்கும் தேவாலயமும் போலவே பனித்தள அரங்கமும் ஊரின் அடையாளம். குளிர்கால மாலைகளில் ஊர் அங்கேதான் கூடும்.

அத்தகைய அரங்கங்களில் ஆடப்பட்ட ஜூனியர் ஐஸ் ஹாக்கிப் பருவம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். எங்கள் இருவருக்கும் அந்த விளையாட்டில் தேர்ச்சி எதுவுமில்லை. கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள் நாங்கள். காலணியில் பொருத்திய கத்தியால் பனிமீது வழுக்கியோடி, கரிய ரப்பர் வில்லை ஒன்றை வளைந்த மட்டையால் வலைக்குள் தள்ளும் ஆட்டம். களத்தில் அணிக்கு ஆறு பேர். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். இவ்வளவையும் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்களை ஈர்த்தது ஆட்டமன்று. ஆடுகிறவர்களின் வயதும் அவர்கள் வாழும் முறையுமே ஈர்த்தன.

அம்மாகாணத்தின் ஜூனியர் லீக்கில் 12 அணிகள். வடக்கே லா ரோஞ்ச், ஃபிளின் ஃபிளான்; தெற்கே அமெரிக்க எல்லையை ஒட்டி எஸ்டெவன். ஆட்டக்காரர்களின் வயது 16 முதல் 20 வரை. சம்பளம் கிடையாது. ஜூனியர் நிலையிலேயே இதற்கு மேற்படி ஒன்று உண்டு. 'மேஜர் ஜூனியர்' என்பர். அதில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி அணிகள் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டதில்லை. 2024 நவம்பரில்தான் அத்தடையை நீக்க முடிவாகி, 2025 ஆகஸ்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாங்கள் சொல்ல வரும் 2018இல் தடை இருந்தது. எனவே, மட்டையைப் பிடித்த கையால் ஒரு பட்டத்தையும் பிடித்துவிட வேண்டும் என்று எண்ணிய பிள்ளைகள் பலர் இந்த 'ஜூனியர் ஏ' படியைத் தேர்ந்தனர். கல்வி உதவித்தொகையுடன் ஒரு கல்லூரி அழைப்பு வருமா என்பதே அவர்களது கனவு.

பிள்ளைகளுள் பலர் வெளியூரினர். அணிக்கென விடுதி கிடையாது. ஊரிலுள்ள குடும்பங்கள் ஆளுக்கொருவராகவோ இருவராகவோ அவர்களைத் தம் வீட்டில் வைத்துக்கொள்கின்றன. சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு சிறு தொகை மாதந்தோறும் வருமேயன்றி, அது வருமானம் ஆகாது. ஆகஸ்டு இறுதியில் ஒரு பையையும் மட்டைகளையும் தூக்கிக்கொண்டு முன்பின் அறியாத ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான். மார்ச்சிலோ ஏப்ரலிலோ அவன் போகும்போது அவ்வீட்டுப் பெண்மணி அழுகிறாள். இடையில் ஏழெட்டு மாதங்கள் அவனது பசியும் காய்ச்சலும் தோல்வியும் அவளுடைய பொறுப்பு.

இதைப் படித்தபோது எங்களுக்குச் செவிலித்தாய் நினைவுக்கு வந்தது இயல்பே. அகப்பாடல்களில் நற்றாய்க்குச் சமமாக, சில இடங்களில் அவளுக்கும் மேலாகப் பேசுபவள் செவிலி. பெற்றவள் வீட்டிலிருந்து வருந்த, வளர்த்தவளே பாலை வழியில் தேடிப் புறப்படுகிறாள். ஆனால் இன்னும் பொருத்தமான சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: அடைக்கலம். மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் மாதரியிடம் ஒப்படைத்துச் செல்கிறார். மாதரிக்கு அவர்கள் உறவினரல்லர்; விருந்தினர் என்ற சொல்லும் போதாது. ஒருவர் தம் உயிரினும் மேலாகக் காக்க வேண்டிய பொறுப்பாக ஏற்றுக்கொண்ட பிறர்பொருள் அது. அப்பொருள் பறிபோனால் ஏற்றவர் என்ன ஆவார் என்பது சிலப்பதிகாரத்தில் பலரும் கவனியாது கடந்துவிடும் கேள்வி. கோவலன் கொலையுண்டபின் மாதரி தீப்புகுந்தாள் என்ற செய்தி பின்னர் ஒரு காதையில், மாடலன் வாய்மொழியாகச் சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்வி ஒரு முழு ஊரின்முன் வந்து நின்ற பருவமே 2018-19.

*

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை. ஹம்போல்ட் பிராங்கோஸ் அணி நிபவின் ஊருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தது. ஹம்போல்ட் சுமார் 6,000 பேர் வாழும் ஊர். பயணியும் அறிவியலாளருமான அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டின் பெயரைத் தாங்கியது. அணி 1970இல் தொடங்கப்பட்டது. 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் தேசிய அளவிலான ஜூனியர் ஏ கோப்பையை வென்றது. அன்றைய ஆட்டம், நிபவின் ஹாக்ஸ் அணியுடனான வெளியேற்றச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம். ஹாக்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. தோற்றால் பருவம் முடிந்துவிடும். வெளியேற்றச் சுற்றுக்கெனப் பிள்ளைகள் தலைமுடியை வெளிர்பொன்னிறமாக வெளுத்துக்கொண்டிருந்தனர்.

மாலை 5 மணியளவில் 35ஆம் எண் நெடுஞ்சாலையும் 335ஆம் எண் சாலையும் குறுக்கிடும் இடத்தில், சதுப்புநிலக் கரிமண் ஏற்றிவந்த இரட்டை இழுவைப் பெட்டி லாரி ஒன்று, ஒளிவிளக்குடன் கூடிய நிறுத்தப் பலகையைக் கடந்து சந்திப்புக்குள் நுழைந்தது. பேருந்தில் இருந்தவர்கள் 29 பேர். இறந்தவர்கள் 16 பேர்: ஆட்டக்காரர்கள் பத்துப் பேர், தலைமைப் பயிற்சியாளர் டார்சி ஹாகன், துணைப் பயிற்சியாளர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளரான இளம்பெண், பேருந்து ஓட்டுநர், வானொலி வருணனையாளர், ஆட்டப் புள்ளிவிவரம் குறித்துவந்த 18 வயதுத் தன்னார்வலர். அதே சந்திப்பில் 1997இல் ஒரு குடும்பத்தின் ஆறு பேர் உயிரிழந்திருந்தனர். அவர்களுக்கான ஆறு சிலுவைகள் முன்னரே அங்கு நின்றன.

நிபவினில் ஒரு தேவாலயத்தில் பெற்றோரும் உறவினரும் செய்திக்காகக் காத்திருந்தனர். முடி அனைவருக்கும் ஒரே நிறம். முகங்கள் காயத்தால் மாறியிருந்தன. இரு பிள்ளைகளின் அடையாளம் மாறிப்போயிற்று. இறந்தவர் என்று கருதப்பட்டவர் உயிருடன் இருப்பதும், பிழைத்தவர் என்று நம்பப்பட்டவர் இறந்துவிட்டதும் மூன்றாம் நாள் காலையில் அறிவிக்கப்பட்டன. அச்செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. ஒரு பிள்ளையின் உயிர் மீண்டதற்கு மகிழ்வதா, அதே நொடியில் இன்னொரு வீட்டில் நிகழ்ந்த இரண்டாவது வீழ்ச்சிக்கு வருந்துவதா? அவ்விரு உணர்ச்சிகளையும் ஒரே வாக்கியத்தில் வைக்க எந்த மொழியும் பழகியிருக்கவில்லை.

கனடா முழுவதும் வீட்டு வாசல்களில் ஹாக்கி மட்டைகளைச் சாய்த்து வைத்தனர். இரவில் விளக்கெரிய விட்டனர். குடும்பங்களுக்கென இணையவழியில் திரண்ட நிதி ஒன்றரைக் கோடி கனடிய டாலரைத் தாண்டியது. இறந்தவருள் ஒருவரான லோகன் பூலே சில வாரங்களுக்கு முன்புதான் 21 வயதை எட்டி, உறுப்புக்கொடைக்குப் பதிவு செய்திருந்தார். அவரது உறுப்புகள் ஆறு பேருக்குச் சென்றன. தொடர்ந்த வாரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கனடியர்கள் பதிவு செய்துகொண்டனர். 2008இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர் எடுத்த முடிவு தமிழ்நாட்டில் என்ன செய்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இவை நன்கு அறியப்பட்டவை. உலகம் பார்த்தது ஏப்ரல் மாதத்தை. நாங்கள் பேச விரும்புவது செப்டம்பரை.

*

பருவம் என்ற சொல்லைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். மழைக்காலமும் பருவம், பதின்வயதும் பருவம், பிள்ளைத்தமிழின் பத்துப் பகுதிகளும் பருவங்கள், எங்கள் கல்லூரியில் அரையாண்டுத் தேர்வும் பருவத் தேர்வே. ஜூனியர் விளையாட்டில் இப்பொருள்கள் யாவும் ஒன்றாகிவிடுகின்றன. ஓர் ஆண்டின் பருவமும் ஒரு வாழ்வின் பருவமும் அங்கு ஒன்றே. 20 வயது நிரம்பியவன் எவ்வளவு சிறந்தவனாயினும் போய்த்தான் ஆகவேண்டும். ஆண்டுதோறும் அணியில் ஒரு பகுதி உதிர்ந்து ஒரு பகுதி தளிர்க்கும். உதிர்வதும் தளிர்ப்பதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால்தான் அணி என்ற ஒன்று தொடர்கிறது. மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித் தருகிறான், எந்த வீட்டில் என்ன சமைப்பார்கள் என்பது முதற்கொண்டு.

2018 ஆகஸ்டில் ஹம்போல்ட்டில் தேர்வு முகாம் நடந்தபோது அந்தப் படிவு இல்லை. விபத்தில் பிழைத்தவர்களுள் இருவர் மட்டுமே மீண்டும் அவ்வணிக்காகக் களமிறங்கும் நிலையில் இருந்தனர். பயிற்சியாளர் புதியவர். பிள்ளைகள் ஏறத்தாழ எல்லோரும் புதியவர்கள். அவர்களுக்குப் படுக்கை வேண்டும், சோறு வேண்டும், அவர்களை ஏற்க வீடுகள் வேண்டும்.

வீடுகள் கிடைத்தன. நாங்கள் எழுத வந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகவே என்றும் சொல்லலாம். ஏப்ரலில் ஒரே மாலையில் தன் அடைக்கலப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் ஊர், ஆகஸ்டில் வேறு பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. அதைவிட வியப்பு, வேறு ஊர்களின் பெற்றோர் தம் பிள்ளைகளை அந்த ஊருக்கு அனுப்பியது. அதே லீக்கில், அதே நெடுஞ்சாலைகளில், மீண்டும் ஒரு பேருந்தில்.

செப்டம்பர் 12ஆம் நாள் எல்கர் பீட்டர்சன் அரங்கில் முதல் ஆட்டம். எதிரணி நிபவின் ஹாக்ஸ். விபத்துக்குப்பின் தொடர்ந்த சுற்றில் ஆடி அவ்வாண்டின் லீக் கோப்பையை வென்றிருந்த அணி. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. கதையாசிரியர் எவரேனும் எழுதியிருந்தால் ஹம்போல்ட்டை வெல்ல வைத்திருப்பார். ஹம்போல்ட் 2-1 என்று தோற்றது. நினைவு நிகழ்ச்சியை ஆட்டத்துக்குப் பின்னரே வைத்திருந்தனர். அந்த வரிசைமுறையில் ஒரு விவேகம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. முதலில் உயிரோடிருக்கும் பிள்ளைகள் ஆடட்டும், பின்னர் இறந்தவர்களை நினைப்போம் என்ற விவேகம்.

அங்கு மாலை ஏழரை மணி என்றால் இங்கு மறுநாள் காலை 7 மணி. அந்தக் குளிர்காலம் முழுவதும் கல்லூரிக்குப் புறப்படும் வேளையில் கைப்பேசியில் ஆட்டம் தொடங்கிவிட்டதா என்று பார்ப்பதும், முதல் வகுப்பு முடிந்து வந்தபின் முடிவைப் பார்ப்பதும் எங்களுக்கு வழக்கமாயிற்று. 50க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். வென்றனர், தோற்றனர். நாளாக ஆக, வெறும் எண்களைப் பார்ப்பதில் ஓர் ஆறுதல் தோன்றியது. 4-3, 2-5 என்ற எண்களுக்குத் துயரம் தெரியாது. அந்தப் பிள்ளைகளும் சில கணங்களாவது அப்படி, துயரம் தெரியாத எண்களாக இருக்க விரும்பியிருப்பர் என்று எண்ணிக்கொண்டோம். 17 வயதில் இன்னொருவனின் நினைவுச்சின்னமாக வாழ எவனும் வீட்டைவிட்டு வருவதில்லை.

அவ்வாண்டு சீரான ஏறுமுகமாக அமையவில்லை. டிசம்பர் இறுதியில் புதிய பயிற்சியாளர் பதவி விலகினார். அம்மாதமே வெளியான பாதுகாப்பு ஆய்வு, சந்திப்பின் ஒரு மூலையில் தனியார் நிலத்தில் நின்ற மரங்கள் பார்வையை மறைப்பதைச் சுட்டியது. 2019 ஜனவரியில் லாரி ஓட்டுநர் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டார். வழக்கை இழுத்துக் குடும்பங்களை மேலும் வருத்த விரும்பவில்லை என்றார். மார்ச் 15 முதல் அம்மாகாணத்தில் கனரக ஓட்டுநர் உரிமத்துக்குக் குறைந்தது 121.5 மணிநேரப் பயிற்சி கட்டாயமாயிற்று. அதுவரை அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. மார்ச் 22ஆம் நாள் அவருக்கு எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதே மாதம் ஹம்போல்ட் அணி வெளியேற்றச் சுற்றில் எஸ்டெவன் புரூயின்ஸ் அணியுடன் ஏழு ஆட்டங்கள்வரை சென்று தோற்றது. பருவம் முடிந்தது.

அந்த ஓட்டுநர் பஞ்சாபிலிருந்து சென்ற இளைஞர். அவ்வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பயிற்சியாளர் ஹாகனின் மனைவி நீதிமன்றத்தில் அவரைப் பார்த்து மன்னிப்பதாகச் சொன்னார். வேறு சில பெற்றோர் தம்மால் மன்னிக்க இயலாது என்று சொன்னார்கள். 2024இல் அவரை நாடுகடத்த ஆணை பிறந்தபோதும் கருத்துகள் அவ்வாறே பிரிந்தன. இரண்டில் எது சரி என்று சொல்லும் உரிமை எங்களுக்கில்லை. ஒரே துயரத்தைப் பெற்றவர்கள் ஒரே மனத்தைப் பெறுவதில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். யாரோ ஒரு தாயின் பிள்ளையாக அவரும் தொலைவிலுள்ள ஒரு நாட்டை நம்பிப் போனவர்தாம் என்ற நினைவும் உடன் வருகிறது.

*

நிற்க. அடைக்கலம் என்ற சொல்லின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை இனிப்புப் பூசிய பொய்யாகிவிடும்.

ஹம்போல்ட்டுக்கு முன்பே அம்மாகாணத்தில் இன்னொரு பேருந்து கவிழ்ந்திருக்கிறது. 1986 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்விஃப்ட் கரன்ட் பிராங்கோஸ் அணியின் பேருந்து பனி உறைந்த சாலையில் வழுக்கிக் கவிழ்ந்து ஆட்டக்காரர் நால்வர் இறந்தனர். மேஜர் ஜூனியர் அணியான அது, நால்வரின் எண்களைத் தாங்கிய நான்கிலைச் சின்னத்தை அணிந்து ஆடியது. 1989இல் மெமோரியல் கோப்பையையும் வென்றது. துயரத்தை வென்ற அணி என்று நாடு கொண்டாடியது.

அக்கொண்டாட்டத்தின் நடுவே நின்ற பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கி வந்தவர். விபத்தில் பிழைத்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஷெல்டன் கென்னடி வெளியே வந்து பேசியபின், 1997இல் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரை ஆண்டுச் சிறை பெற்றார். கோப்பையின் பளபளப்புக்குப் பின்னே பிள்ளைகள் இரண்டு துயரங்களை விழுங்கிக்கொண்டிருந்தனர். ஒன்றை ஊர் அறிந்திருந்தது, மற்றொன்றை அறியவில்லை.

2018 ஏப்ரலில் கென்னடியும் 1986இல் பிழைத்த வேறு சிலரும் ஹம்போல்ட்டுக்குச் சென்றனர். 30 ஆண்டுகளுக்கு முன் தம்மிடம் யாரும் வந்து பேசியிருக்க வேண்டிய சொற்களைத் தாமே எடுத்துச் சென்றனர் என்று எங்களுக்குத் தோன்றியது. ஒரு பருவத்தின் வெற்றியைக் கோப்பையால் அளப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இவ்விரு பிராங்கோஸ் அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். கோப்பை வென்ற அணியின் பிள்ளைகள் தனித்து விடப்பட்டனர். முதற்சுற்றிலேயே வெளியேறிய அணியின் பிள்ளைகளுக்கு, குறைந்தபட்சம், அவர்கள் சுமப்பது இன்னது என்று அறிந்த மனிதர்கள் சுற்றிலும் இருந்தனர்.

*

ஜூன் மாதத்தில் சேர்க்கை முடிந்து விடுதி திறக்கும் நாளில், தொலைவூர்களிலிருந்து வரும் பெற்றோர் எங்களிடம் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு. "இனிமே இவன் உங்க புள்ள சார், நீங்கதான் பார்த்துக்கணும்." பல ஆண்டுகளாகக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன வாசகம். வணக்கம் போல, நன்றி போல, அதுவும் ஒரு மரியாதைச் சொல் என்றே பெரும்பாலோர் தலையசைத்துவிடுவர்.

ஆனால் கலைவிழாப் போட்டிகளுக்கும் கபடிப் போட்டிகளுக்கும் மாணவர்களை வேனில் ஏற்றிச் செல்லும்போது அந்தச் சொல்லின் எடை தெரியும். முன்னிருக்கையில் அமர்ந்து, பின்னே பாட்டும் சிரிப்பும் ஓயும்வரை கேட்டுக்கொண்டு, பிறகு ஓட்டுநர் கண்ணயர்ந்துவிடாதிருக்க அவரோடு எதையாவது பேசிக்கொண்டு வந்த இரவுகள் எங்களுக்கு உண்டு. 2018க்குப் பின் இரவுப் பயணத்தை எங்கள் துறையில் நிறுத்திவிட்டோம். போகும் இடத்தில் ஓர் இரவு தங்குவதற்கான செலவை மாணவர்களிடம் கேட்காமல் ஆசிரியர்களே பகிர்ந்துகொள்கிறோம். வண்டியில் ஏறுவோர் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதி ஒரு படியைத் துறையில் வைத்துவிட்டே புறப்படுகிறோம். மாணவர்கள் கேலி செய்வதுண்டு. காரணத்தை நாங்கள் சொல்வதில்லை. அறிந்திராத ஒரு நாட்டின் சாலைச் சந்திப்பில் நிகழ்ந்தது அவர்கள் பயணத்தின் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

மாதரியைப் பற்றி வகுப்பில் பேசும்போது மட்டும் ஹம்போல்ட்டைச் சொல்கிறோம். மாதரி தீப்புகுந்ததைக் காப்பியத்தின் அறமாக ஏற்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. ஒப்புக்கொண்ட பொறுப்பை உயிரோடு சேர்த்துக் கணக்கிட்ட காலத்தின் அறம் அது. ஆயினும் அவள் மாய்ந்தபின் அந்த ஆயர்பாடிக்கு அடுத்து வந்த வழிப்போக்கருக்கு யார் கதவைத் திறந்திருப்பார் என்ற கேள்வியை மாணவர்களிடம் வைக்கிறோம். மகள் ஐயை இருந்தாளே என்று ஒருமுறை பின்வரிசை மாணவி ஒருத்தி சொன்னாள். அந்த விடையை நாங்கள் அதுவரை எந்த உரையிலும் படித்ததில்லை.

2018-19இல் ஆடிய பிள்ளைகள் எல்லோரும் வயது கடந்து எப்போதோ விலகிவிட்டனர். கனடாவில் 2020 செப்டம்பர் முதல் புதிதாகத் தயாராகும் நெடுந்தொலைவுப் பேருந்துகளுக்கு இருக்கைப் பட்டை கட்டாயம். ஏப்ரல் 7 உறுப்புக்கொடைக்கான பச்சைச் சட்டை நாளாக ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது. இன்று பிராங்கோஸ் சீருடை அணியும் பிள்ளைகள் அந்த ஏப்ரலில் பள்ளிச் சிறுவர்கள். அவர்கள் வந்து தங்கும் வீட்டில் அவர்களுக்குமுன் அந்தக் கட்டிலில் படுத்தவன் யார் என்று கேட்டிருக்கலாம், கேளாமலும் இருக்கலாம். காலையில் எழுந்து எதிர்வீட்டுக் கூரையில் படிந்த பனியைப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து, இன்னும் அம்மா என்று அழைக்கப் பழகாத அந்தப் பெண்மணியிடம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும்.